கோல்கள் யாருடையவை?

டேல் ஹவர்ச்சக் என்ற ஆட்டக்காரர் 1981 முதல் 1990 வரை வின்னிபெக் ஜெட்ஸ் அணிக்காக 379 கோல்கள் அடித்தார். வின்னிபெக் கனடாவின் நட்டநடுவில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் முப்பது என்றால் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 1996இல் அந்த அணியை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆட்டக்காரர்கள், மட்டைகள், சறுக்குக் காலணிகளோடு பழைய கணக்குப் புத்தகமும் சேர்ந்து போனது. அன்றிலிருந்து ஹவர்ச்சக்கின் கோல்கள், லீகின் பதிவேட்டின்படி, ஒரு பாலைவன அணியின் கோல்கள். 2007இல் அவருடைய 10ஆம் எண்ணை அரிசோனாவில் மேலேற்றிக் கௌரவித்தார்கள். அந்த அணியின் சட்டையில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

2011இல் அட்லாண்டாவில் இருந்த த்ராஷர்ஸ் அணி வின்னிபெக்குக்கு வந்தது. பழைய பெயரையே வைத்தார்கள், ஜெட்ஸ். ஆனால் கூடவே வந்தது அட்லாண்டாவின் புத்தகம். ஆகவே புது ஜெட்ஸ் முதல் நாள் பனித்தரையில் இறங்கியபோது, அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தில் இலியா கோவல்சுக் என்ற ரஷ்யரின் பெயர் இருந்தது. அவரோ வின்னிபெக்குக்காக ஒருநாளும் ஆடாதவர். தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் ஹவர்ச்சக் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2022இல் ஊருக்குள் சிலையும் அவருக்குத்தான் வைத்தார்கள்.

புத்தகம் ஒன்று சொல்கிறது, ஊர் வேறொன்று சொல்கிறது. எது சரி என்பது பொழுதுபோகாதவர்களின் கேள்வி போலத் தெரியலாம். ஆனால் வட அமெரிக்க ஹாக்கி ரசிகர்கள் ஓயாமல் போடும் சண்டைகளின் அடியில் இதுதான் கிடக்கிறது. (ஹாக்கி என்றதும் கோவில்பட்டி நினைவுக்கு வந்தால் அந்தப் புல்தரை ஆட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நான் பேசுவது பனித்தரை ஹாக்கி.) எந்த ஊருக்குப் புது அணி கொடுக்கலாம், எதைப் பிடுங்கலாம், எந்த அணியை எந்த டிவிஷனில் போடலாம் என்று காகிதத்தில் வரைபடம் போட்டுப் போட்டு வாதாடுவார்கள். இப்போது 32 அணிகள், நான்கு டிவிஷன்கள், டிவிஷனுக்கு எட்டு. கணக்கு அழகாக நிற்கிறது. 34 ஆனால் உடையும், 36 ஆனால் எல்லாவற்றையும் திரும்பக் கலைக்க வேண்டும். விளையாட்டு தெரியாதவருக்கு இது ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கும். வாதாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பாகப்பிரிவினை மாதிரி இருக்கும்.

பாகப்பிரிவினையில் பங்குதாரர்களுக்குப் பேச்சு உண்டு. இங்கே இல்லை. 2011 டிசம்பரில் அணி முதலாளிகள் கூடி ஒரு மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஆட்டக்காரர் சங்கம் சம்மதிக்க மறுத்தது. பயணம் கூடும், ப்ளே-ஆஃப் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். இரண்டு தரப்பும் பேசி 2013இல் வேறொரு திட்டம் வந்தது. ரசிகர் என்று மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு என்பதே அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த 2013 திட்டத்தில்தான் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போனது. டெட்ராய்ட்காரர்கள் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது அது. கலிஃபோர்னியாவில் ஆட்டம் என்றால் இவர்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எப்படிப் பார்க்கும்? சரிதான். ஆனால் டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் இடையே பல தலைமுறைப் பகை இருந்தது. 1942க்கும் 1967க்கும் இடையில் லீகில் இருந்ததே ஆறு அணிகள், அதில் இவை இரண்டு. ஒரே ஆளோடு வருடத்துக்குப் பதினான்கு தடவை மோதினால் பகை வராமல் என்ன செய்யும்? பிரிவதற்கு முன் 2013 மே மாதத்தில் கடைசியாக ஒரு ப்ளே-ஆஃப் தொடர் ஆடினார்கள். டெட்ராய்ட் 3–1 என்று முன்னால் இருந்தது. சிகாகோ மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், ப்ரெண்ட் சீப்ரூக்கின் கோலில் முடிந்தது. அதன்பிறகு இவர்கள் வருடத்துக்கு இரண்டே தடவை சந்திக்கும் தூரத்து உறவாகிவிட்டார்கள்.

பகை இரண்டு பேருக்கும் பொதுவான சொத்து. ஒருவர் அதை விட்டுவிட்டுப் போனால் மற்றவருடையதும் சேர்ந்து போகிறது. டெட்ராய்ட் தன் நன்மையைக் கேட்டதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிகாகோ ரசிகனுக்கும் அதில் ஒரு பாத்தியதை இருந்தது, அதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2005க்குப் பிறகு மூன்று சீசன்கள் டிவிஷனுக்குள்ளேயே ஓர் அணியோடு எட்டு தடவை மோத வைத்தார்கள். பகை நன்றாக வளர்ந்தது. ஆனால் பிட்ஸ்பர்க்கில் சிட்னி கிராஸ்பி என்ற அதிசயப் பையன் வந்திருக்க, மேற்குக் கனடா ரசிகர்கள் அவனைத் தங்கள் ஊரில் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013 ஏற்பாட்டில் எல்லா அணியும் எல்லா ஊருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். எல்லோரையும் கொஞ்சம் தெரிந்துகொள்வதா, சிலரை நன்றாகத் தெரிந்துகொள்வதா? என்னைக் கேட்டால் பகைக்குத்தான் ஓட்டு. நட்சத்திரத்தை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகும் அவமானத்தை டிவி தராது.

முதலாளி தரப்பின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும். நீ வாங்கியது டிக்கெட், ஆட்டம் பார்த்தாய், கணக்கு முடிந்தது. இருபது வருடம் ஒரே ஹோட்டலில் சாப்பிட்டவன் ஹோட்டலில் பங்கு கேட்க முடியுமா? முடியாதுதான். ஆனால் ஹோட்டல்காரர் இட்லி விற்கிறார், நீங்கள் இட்லி சாப்பிடும் சத்தத்தையும் சேர்த்து விற்பதில்லை. இங்கே பதினைந்தாயிரம் பேரின் கூச்சல்தான் சரக்கில் பாதி. ஜான் லாக் சொன்னதுபோல் உழைப்பைக் கலந்தவனுக்கு நிலத்தில் உரிமை வருமென்றால், தொண்டையைக் கலந்தவனுக்கு ஏதாவது வர வேண்டாமா? தொண்டை மட்டுமில்லை, காசும்தான். 1995இல் ஜெட்ஸைக் காப்பாற்ற வின்னிபெக் மக்கள் தெருவில் இறங்கிப் பணம் திரட்டினார்கள். பிள்ளைகள் உண்டியல் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே வருடம் கியூபெக் சிட்டியின் நோர்டீக்ஸ் அணி கொலராடோவுக்குப் போனது. போன முதல் சீசனிலேயே ஸ்டான்லி கோப்பையை வென்றது. கியூபெக்கில் உட்கார்ந்து அதை டிவியில் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அணி திரும்பி வரும் என்று நம்பி, பிற்பாடு சுமார் 370 மில்லியன் கனடிய டாலர் அரசுப் பணத்தில் பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டி 2015இல் திறந்தார்கள். 18,000 பேர் உட்காரலாம். அணிதான் இன்னும் வரவில்லை.

இங்கேதான் ரசிகர் பேச்சில் ஒரு சொல் நுழைகிறது, அருகதை. கியூபெக்குக்கு அருகதை உண்டு, அரிசோனாவுக்கு ஏது? என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், எண்பதுகளின் கடைசியில் டொராண்டோ வந்தவர், மேப்பிள் லீஃப்ஸ் பைத்தியம். அரிசோனா என்றாலே அவருக்கு ஆகாது.

“பாலைவனத்தில ஐஸ் ஹாக்கி என்னத்துக்குத் தம்பி? அங்க ஐஸ் குளிர்பானத்துக்குள்ளதான் கிடக்கும்.”

“அண்ணை, எங்கட ஆஸ்டன் மேத்யூஸ் எங்க வளந்தவர்?” என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

“அது வேற கதை.”

வேறு கதை இல்லை, அதே கதைதான். மேத்யூஸ் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்தவர். சிறுவயதில் கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து ஹாக்கிக்கு வந்தவர். 2016இல் டொராண்டோ அவரை முதல் தேர்வாக எடுத்தது, 2024இல் கேப்டனாக்கியது. வின்னிபெக்கிடமிருந்து அந்த அணியைப் பறித்திருக்காவிட்டால் அவர் பேஸ்பால் ஆடப் போயிருக்கலாம். பனைமர ஊரிலிருந்து வந்த அண்ணைக்குப் பனித்தரை ஆட்டம் சொந்தமாக முடியும் என்றால், கள்ளிச்செடி ஊர்ப் பையனுக்கு ஏன் முடியாது? இதை அவரிடம் சொன்னேன். “நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்” என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போய்விட்டார்.

ஜோசையா ராய்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி விசுவாசத்தைப் பற்றி 1908இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவருடைய சிக்கல் இதுதான்: விசுவாசம் நல்லது என்கிறோம், ஆனால் கொள்ளைக்கூட்டத்துக்குள்ளும் விசுவாசம் இருக்கிறதே? அவர் சொன்ன விடை, விசுவாசத்துக்கே விசுவாசமாக இரு என்பது. என் பற்று அடுத்தவனுடைய பற்றையும் வளரவிட்டால் நல்லது, அவனுடைய பற்றை அழித்துத்தான் அது வாழும் என்றால் கெட்டது. சொல்ல எளிது. 2011 வின்னிபெக்கின் முன் வைத்துப் பார்த்தால் தொண்டையில் சிக்குகிறது. பதினைந்து வருடம் அணியில்லாமல் துக்கம் காத்த ஊர். 13,000 சீசன் டிக்கெட்டுகள் நான்கே நாளில் தீர்ந்தன. ஜனங்கள் நடுத்தெருவில் ஆடினார்கள். அதே வாரம் அட்லாண்டாவில், 11 சீசன்களில் ஒரே ஒரு ப்ளே-ஆஃப் தொடர் பார்த்து, அதிலும் நான்கு ஆட்டமும் தோற்றதைப் பார்த்து, அப்படியும் போய்க்கொண்டிருந்த சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1996இன் வலி என்ன என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஊர் எது என்றால் வின்னிபெக்தான். அதுதான் 2011இல் அந்த வலியை வாங்கி அட்லாண்டாவுக்குக் கொடுத்தது.

வின்னிபெக் மறுத்திருக்க வேண்டுமா? மறுத்திருந்தால் த்ராஷர்ஸ் வேறெங்காவது போயிருக்கும், பாவம் கைமாறியிருக்கும், அவ்வளவுதான். ஒரு ஊர் சந்தோஷப்பட இன்னொரு ஊர் அழுதே ஆகவேண்டும் என்கிற நிலையை ரசிகர்கள் உண்டாக்கவில்லை. லீக்தான் உண்டாக்கியது. இது மூடிய கடை. 1967இல் புது அணிக்கு நுழைவுக் கட்டணம் 2 மில்லியன் டாலர். 2017இல் லாஸ் வேகஸ் 500 மில்லியன் கொடுத்தது, 2021இல் சியாட்டில் 650. அந்தப் பணம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் முதலாளிகளுக்குள் பங்காகிறது. இடம் குறைவாக இருந்தால்தான் விலை ஏறும். காலியாகக் கிடக்கும் கியூபெக் அரங்கமும் லீகுக்கு உபயோகம்தான், எந்த ஊரும் புது அரங்கம் கட்டித்தர முரண்டு பிடித்தால் அங்கே போய்விடுவோம் என்று காட்டலாம்.

இங்கிலாந்துக் கால்பந்தில் வழி வேறு. விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே புதிதாக ஓர் அணியைத் தொடங்கி ஏறக்குறைய அடிமட்டத்திலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். படிப்படியாக ஏறி 2011இல் தொழில்முறை லீகுக்குள் வந்துவிட்டார்கள். பழைய கோப்பைகளையும் மில்டன் கீன்ஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வின்னிபெக்காரன் 1996இல் இப்படி ஓர் அணி தொடங்கியிருந்தால் நூறு வருடம் வென்றாலும் மேலே ஏற முடியாது. ஏணியே கிடையாது.

அதற்காக, ஊருக்கு ஊர் அணி கொடுத்துக்கொண்டே போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஆட்டத்தின் தரம் நீர்த்துப்போகும் என்று பெருசுகள் புலம்புவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. 1967இல் ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கனடாக்காரர்கள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா, அமெரிக்கா என்று ஊற்றுகள் பெருகிவிட்டன. நீர்த்துப்போவது நம்பிக்கை. ஆறு அணிகள் இருந்தபோது எல்லோருக்கும் சம அதிர்ஷ்டம் என்று வைத்தால் ஆறு வருடத்துக்கு ஒரு கோப்பை. 32 அணிகள் என்றால் 32 வருடத்துக்கு ஒன்று, ஓர் ஆயுளில் இரண்டு. டொராண்டோ கடைசியாக வென்றது 1967இல், ஆறு அணிகள் இருந்த கடைசி சீசன் அது. அண்ணை கனடாவில் இறங்கும்போதே அது இருபது வருடப் பழைய கதை.

2024இல் அரிசோனாவின் முறை வந்தது. டெம்பி நகரத்து மக்கள் 2023இல் புது அரங்கத் திட்டத்தை வாக்களித்து நிராகரித்திருந்தார்கள். கடைசி இரண்டு சீசன்களை அந்த அணி ஒரு பல்கலைக்கழக அரங்கத்தில், ஐயாயிரம் பேர் முன்னால் ஆடியது. பிறகு ஆட்டக்காரர்கள் மொத்தமாக யூட்டாவுக்குப் போனார்கள். இந்தத் தடவை லீக் ஒரு காரியம் செய்தது. யூட்டாவைப் புது அணி என்று அறிவித்தது, புத்தகம் கூடப் போகவில்லை. சால்ட் லேக் சிட்டி வெற்றுப் பக்கத்தில் தொடங்கியது. 28 வருட அரிசோனா வரலாறும், அதற்குள் அடைபட்டிருந்த பழைய வின்னிபெக்கின் வரலாறும் பின்னால் நின்றுவிட்டன. நோக்கம் என்னவாக இருந்தாலும், ஆட்களை நகர்த்தலாம், ஞாபகத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று லீகே ஒப்புக்கொண்ட மாதிரிதான். இதை 1996இலேயே செய்திருக்கலாம்.

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் இப்போது மறுபடி அரங்கம் கட்டும் பேச்சு நடக்கிறது. அந்த ஊர் ஏற்கெனவே இரண்டு அணிகளைக் கனடாவுக்குப் பறிகொடுத்தது, 1980இல் கால்கரிக்கு, 2011இல் வின்னிபெக்குக்கு. மூன்றாம் தடவை எதற்கு என்று கியூபெக்காரர்கள் கொதிக்கிறார்கள். வந்தால், கோவல்சுக்கின் கோல்களை அட்லாண்டாவிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை, ஹவர்ச்சக்கினுடையது வின்னிபெக்கிடம் வரட்டும். இதற்கு யாரும் யாருக்கும் ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. வின்னிபெக் ரசிகர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.