47ஆம் எண் யாருடைய மகள்?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மேரிலாந்து, லாங் ஐலண்ட் போன்ற இடங்களில், கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் மைதானங்களுக்குப் போனால் இதைப் பார்க்கலாம். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி, கையில் வலைப்பை கட்டிய மட்டை, சட்டைக்கு மேல் எண் போட்ட கையில்லாத மெல்லிய உடுப்பு. இரண்டு மூன்று நாள் ஓடுகிறார்கள். தரையில் உருளும் பந்தை அள்ளுகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி தாண்டுகிறார்கள், கோலை நோக்கி எறிகிறார்கள். ஓரமாக நிற்கும் பயிற்சியாளர்கள் அட்டையில் எதையோ குறித்துக்கொள்கிறார்கள். கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் பெற்றோர். அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் அதிகம் வியர்ப்பது அவர்களுக்குத்தான்.

இது பெண்கள் கிளப் லாக்ரோஸின் தேர்வு. ட்ரைஅவுட் என்பார்கள். பள்ளி அணி வேறு, கிளப் அணி வேறு. கிளப்புக்கு வருடம் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். கோடையில் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போக வேண்டும். ஒரே வயதில் இரண்டு மூன்று அணிகள் இருக்கும். முதல் அணி, இரண்டாம் அணி என்று சொல்ல மனம் வராமல் பல கிளப்புகள் நிறங்களின் பெயரை வைத்துவிடுகின்றன. எந்த நிறம் ஒசத்தி என்பது பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். முடிவு மின்னஞ்சலில் வரும். இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் முன்பணம் கட்டி உறுதி செய்ய வேண்டும்.

ஒரு பந்து விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? முதல் அணி போகும் போட்டிகளுக்குத்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை. 2025இல் விதி மாறும்வரை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஒரு கல்லூரி தன் பெண்கள் லாக்ரோஸ் அணிக்குத் தரக்கூடியது மொத்தமே 12 முழு உதவித்தொகைகள்தான். அதையும் பலருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. அங்கே கிடைப்பது பயிற்சியாளரின் சிபாரிசு. அதாவது பெற்றோர் துரத்துவது பல நேரம் பணத்தை அல்ல, ஒரு கதவை. அந்தக் கதவு தன் மகளின் பதினொன்றாவது வயதிலேயே சாத்தப்பட்டுவிடுமோ என்பதுதான் பயம்.

பயம் வந்தால் வழிகளும் வந்துவிடும். தேர்வுக்குழுவில் இருக்கும் பயிற்சியாளரிடமே மகளைத் தனி வகுப்புக்கு அனுப்புவது ஒரு வழி. வசந்த காலம் முழுக்கக் காசு வாங்கியவர்தான் கோடையில் அட்டையோடு நிற்கிறார். உதவிப் பயிற்சியாளராகத் தொண்டு செய்ய முன்வருவது இன்னொன்று. இலவசமாக உழைக்கிற மனிதரின் மகளை யார் இரண்டாம் அணிக்கு அனுப்புவார்கள்? இதற்கு அங்கே ‘டாடி பால்’ என்று பட்டப்பெயரே உண்டு. இரண்டு நல்ல ஆட்டக்காரிகளின் பெற்றோர் கைகோத்துக்கொண்டு, “எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க, இல்லேன்னா பக்கத்து கிளப்புக்குப் போறோம்” என்பது மூன்றாவது. கிளப் அணிகள் பெரும்பாலும் பள்ளி முடிக்கும் ஆண்டை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. அதனால் பிள்ளையை எட்டாம் வகுப்பை இன்னொரு முறை படிக்க வைத்து, தன்னைவிடச் சின்னவர்களோடு மோதவிடுவதும் உண்டு.

இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. 2019 மார்ச்சில் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை ஊழல் வேறு. அங்கே பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் போனது, விளையாடவே தெரியாத பிள்ளைகள் வீரர்களாகக் காட்டப்பட்டார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். நாம் பேசுவது அதற்கு எவ்வளவோ கீழே, போலீஸ் வராத இடத்தைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் வாழ்வதும் அங்கேதானே.

கேள்வி இதுதான்: தன் பிள்ளைக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம்?

மிகப் பழைய கேள்வி. ‘குடியரசு’ நூலில் பிளேட்டோ கண்ட தீர்வு முரட்டுத்தனமானது. காவலர் வகுப்பில் யார் பிள்ளை யாருடையது என்றே தெரியக் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் எல்லாருடைய பிள்ளைகள் என்றார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. கொஞ்சம் இனிப்பை நிறையத் தண்ணீரில் கரைத்தால் இனிப்பே தெரியாமல் போவதுபோல, எல்லார்மேலும் பரப்பப்பட்ட அன்பு யாருக்கும் உறைக்காது என்றார். இருபதாம் நூற்றாண்டில் ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘நீதிக் கோட்பாடு’ நூலிலும் இதே நெருடல் இருக்கிறது. சமவாய்ப்பை முழுக்க நம்பினால் குடும்பம் என்ற அமைப்பே இடைஞ்சல். அப்படியானால் குடும்பத்தை ஒழித்துவிடுவதா? அந்த இடம்வரை வந்து ரால்ஸ் நின்றுவிடுகிறார்.

குடும்பம் வேண்டும், ஆனால் அதன் எல்லாச் சலுகைகளும் வேண்டாம் என்று பிரித்துக் காட்டியவர்கள் ஹாரி பிரிக்ஹவுஸும் ஆடம் ஸ்விஃப்டும். 2014இல் வந்த அவர்களுடைய நூலில் ஓர் எளிய வேறுபாடு இருக்கிறது. ராத்திரி பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டுகிறோம். அதனால் அந்தப் பிள்ளை வகுப்பில் முந்தலாம். இருந்தாலும் அது சரி, ஏனென்றால் கதை படிப்பது உறவின் உள்ளேயே இருக்கிற ஒன்று. பணம் கொடுத்து மேட்டுக்குடிப் பள்ளியில் இடம் வாங்குவது அப்படியில்லை. அது இல்லாமலும் அந்த அன்பு முழுசாக இருக்க முடியும்.

லாக்ரோஸுக்கு இதைக் கொண்டுவந்தால் பாதித் தெளிவு கிடைக்கிறது. சாயங்காலம் மகளோடு சுவரில் பந்தெறிந்து பிடிக்கும் அப்பா கதை படிப்பவரைப் போன்றவர். கைகோத்து மிரட்டும் பெற்றோர் இடம் வாங்குகிறவர்கள். ஆனால் நடுவில் இருக்கிற நூறு விஷயங்கள்? தனி வகுப்பு? தொண்டு? பயிற்சியாளருக்கு ஒரு காபி?

இந்த நடுப்பகுதிக்கு எனக்கு உதவியாக இருப்பது இமானுவேல் காண்ட் 1795இல் ‘நிரந்தர அமைதி’ பற்றிய கட்டுரையின் பின்னிணைப்பில் வைத்த ஒரு சோதனை. பிறருடைய உரிமையைத் தொடுகிற ஒரு செயலின் நோக்கம் வெளியே சொல்ல முடியாததாக இருந்தால் அந்தச் செயல் அநீதி என்கிறார். அவர் யோசித்தது அரசுகளைப் பற்றி. ஆனால் இந்தப் பெற்றோரும் தாங்கள் செய்வதை ‘பாலிடிக்ஸ்’ என்றுதானே சொல்கிறார்கள்? அரசியல் என்றால் அரசியலுக்கான சோதனையையே வைத்துப் பார்ப்போம்.

சொல்ல வேண்டியது இரண்டு பேரிடம். ஒருத்தி உங்கள் மகள். இன்னொருத்தி, அதே தேர்வில் 47ஆம் எண் போட்டுக்கொண்டு ஓடிய ஏதோ ஒரு சிறுமியின் அம்மா. அணியில் 20 இடம் என்றால் உங்கள் மகள் இருபதாவதாக உள்ளே போகும்போது ஒருத்தி இருபத்தோராவதாக வெளியே நிற்கிறாள். படிப்பு, ஆரோக்கியம் மாதிரி எல்லாருக்கும் கூடும் நன்மை இல்லை இது. பொருளியலாளர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976இல் இப்படிப்பட்டவற்றை இடம்சார் பொருள்கள் என்றார். எல்லாரும் குதிகாலை உயர்த்தி நின்றால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. கால்வலிதான் மிச்சம். இங்கே உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பது இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுப்பதும்தான். எடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை நமக்கு ஓர் எண் மட்டுமே.

சுவரில் பந்தெறிந்த அப்பா இரண்டு பேரிடமும் சொல்லலாம். 47இன் அம்மா, “நாங்களும் பண்ணியிருக்கலாம்” என்று நினைப்பாள், அவ்வளவுதான். கிளப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் தனி வகுப்பு போனதையும் சொல்லலாம். கொஞ்சம் நெளிந்துகொண்டே சொல்லலாம், பணம் இருந்ததால் முடிந்தது என்பதால். தேர்வு செய்கிறவரிடமே வகுப்பு போனதை? “எடுக்கலேன்னா கிளப் மாறிடுவோம்” என்று ரகசியமாகச் சொன்னதை? அங்கே குரல் இறங்குகிறது. “எல்லாரும்தான் பண்றாங்க” என்ற வாக்கியம் வருகிறது. அது சொல்வதற்கான வாக்கியம் இல்லை, சொல்லாமல் இருப்பதற்கானது.

வெட்கமே இல்லாதவர் எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். சொல்வார், 47இன் அம்மாவிடம். தன் மகளிடம்? “உன் ஆட்டத்தைப் பார்த்து எடுக்கலை, நான் பேசினதால எடுத்தாங்க” என்று பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? சொன்ன நொடியில் கொடுத்த பரிசே கரைந்துபோகும். முதல் அணியில் இடம் என்பது அவளுக்கு ஒரு சட்டையோ நிறமோ இல்லை, ‘நீ நன்றாக ஆடுகிறாய்’ என்று உலகம் சொன்ன வார்த்தை. அந்த வார்த்தையை அப்பாவே பின்னால் நின்று சொல்லியிருந்தால், அது உலகத்தின் வார்த்தை இல்லை. ரகசியம் காக்கப்பட்டாலும் சேதம் சேதம்தான். அவள் இனி வாங்கும் ஒவ்வொரு பாராட்டிலும் எது தன்னுடையது, எது வாங்கப்பட்டது என்று பிரித்தறிய வழியில்லை. தன் திறமையின் அளவைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது. அதை எடுத்தது யார் என்றால், அவளை மிகவும் நேசிக்கிறவர்.

தோற்ற பக்கத்துக்கும் இதே சோதனை உண்டு. இடம் கிடைக்காத வீட்டில் உடனே கிடைக்கும் ஆறுதல், “நீதான்மா பெஸ்ட், எல்லாம் பாலிடிக்ஸ்.” சில நேரம் அது உண்மை. பல நேரம் இருபது பேர் நிஜமாகவே இன்னும் நன்றாக ஓடியிருப்பார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. குற்றமில்லை, காக்கை தேர்வுக்குழுவில் இல்லாதவரை. ஆனால் அந்தப் பொய்யும் பிள்ளையிடமிருந்து அதே அளவுகோலைத்தான் பிடுங்குகிறது. ஜெயித்தவளுக்குத் தன் ஜெயம் தெரியாது, தோற்றவளுக்குத் தன் தோல்வி தெரியாது. அப்புறம் எதற்கு விளையாட்டு?

இதைவிடக் கடினமான ஒரு கேள்வி இருக்கிறது. “நான் மட்டும் நேர்மையா இருந்தா அழறது என் பொண்ணுதானே? என் மனசாட்சிக்கு அவ ஏன் விலை கொடுக்கணும்?” இதை லேசாகத் தள்ள முடியாது. தோழிகள் எல்லாம் ஒரு நிறத்திலும் தான் மட்டும் இன்னொரு நிறத்திலும் இருப்பது அந்த வயதில் பெரிய துக்கம். பிள்ளையை நம் கொள்கைக்குப் பலி கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் சோதனை கேட்பது அவ்வளவு இல்லை. சொல்லக்கூடியதை எல்லாம் செய்யலாம். கூட ஓடலாம், வேறு கிளப் பார்க்கலாம், எதில் குறை என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேட்கலாம், இரண்டாம் அணியில் அதிக நேரம் ஆடக் கிடைப்பதைக் காட்டலாம். விடச் சொல்வது சொல்ல முடியாததை மட்டும். அவள் அழுவாள். ஆனால் அந்த அழுகைக்கு அவளிடம் ஒரு காரணம் இருக்கும், அதோடு அவளால் ஏதாவது செய்யவும் முடியும்.

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. காசுள்ளவர் வெளிப்படையாகவே முந்தலாம். லாக்ரோஸின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. ஹோடினசோனி மக்களிடம் இது படைத்தவனின் ஆட்டம். நோயுற்ற ஒருவர் குணமாக வேண்டும் என்று ஆடப்படும் மருந்து ஆட்டம். அது பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்கள் ஆட்டம் வேறு வழியில் வந்தது. 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பெண்கள் பள்ளி, 1926இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளி. இரண்டும் வசதியான வீட்டுப் பெண்களின் தனியார் பள்ளிகள். கதவு முதலிலிருந்தே ஒடுக்கமானது. 47ஆம் எண்ணை வாங்கக்கூட வசதியில்லாத பிள்ளைகள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

அதற்குத் தனி மனிதரின் நேர்மை போதாது, விதி வேண்டும். விதியால் முடியும் என்பதற்குச் சாட்சிகளும் உண்டு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளே கல்லூரிகளுக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுக்கும் பழக்கம் லாக்ரோஸில் பரவியிருந்தது. 2017இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன்னால் முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்று விதி செய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர்களே. தனியாக நிறுத்த முடியாத ஓட்டத்தை எல்லாரும் சேர்ந்து நிறுத்தினார்கள். நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி உரிமைகளும் விதிகளும் இருக்கின்றன. பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது, பதின்மூன்றுக்கு முன் தேசியப் பட்டம் கிடையாது. குதிகாலை எல்லாரும் ஒன்றாக இறக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

விதி வரும்வரை நம்மிடம் இருப்பது ஒரு சின்ன வேலை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அது எப்போதும் பலிக்கிற வாக்கு இல்லை. ஊரார் பிள்ளை முதல் அணிக்குப் போய், தன் பிள்ளை வெளியே நிற்கலாம். ஆனாலும் ஊட்டுகிறவருக்கு அந்தப் பிள்ளையின் பெயராவது தெரிந்திருக்கும். 47ஆம் எண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர், அதன் பிறகு அவள் இடத்தை ரகசியமாக எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. பக்கத்து மடக்கு நாற்காலியில்தான் அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் சொல்வாள்.