பழைய பாட்டுக்கு நடுவே ஒரு புதுப் பாட்டு

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேரல் ஆராதனை நடக்கும். முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடவேண்டும். அது யார் என்பது கடைசி நொடிவரை அவனுக்கே தெரியாது. பாடகர் குழுவின் நடத்துநர் யாரைக் கை காட்டுகிறாரோ அவன் பாடுவான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பையன் பயத்திலேயே தொண்டையைக் கெடுத்துக்கொள்வான்!

1928 முதல் இதை பிபிசி வானொலி ஒலிபரப்புகிறது. உலகெங்கும் காத்திருந்து கேட்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் போன வருஷம் கேட்ட பாட்டுகள்தாம். சபாவில் தெரிந்த கிருதிக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற நம்மவர்களுக்கு இந்த ஆசை நன்றாகவே புரியும்.

1982-இல் அங்கே இசைப் பொறுப்பேற்ற ஸ்டீபன் கிளியோபரி, மறுவருஷமே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஓர் இசையமைப்பாளரிடம் இந்த ஆராதனைக்கென்றே புதுப் பாட்டு கேட்டு வாங்குவது. கோயிலிசைக்காரர்களோடு அவர் நிற்கவில்லை. கரடுமுரடான இசைக்குப் பேர்போன ஹாரிசன் பர்ட்விசிலிடமும் கேட்டார். எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1990-இல் கொடுத்தது, மரியாளைப் போற்றும் ஒரு ஸ்லாவிய ஜெபம். முணுமுணுப்பில் தொடங்கி, சட்டென்று உச்சத்துக்கு ஏறி, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இன்று பல நாட்டுப் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன.

கேட்டு வாங்குவதோடு வேலை முடியாது. கல்லால் ஆன விதானம் கொண்ட, எதிரொலிக்கும் கூடம் அது. வேகமாகப் பாடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். பாடுகிறவர்களில் 16 பேர் பள்ளிப் பையன்கள். புதுப் பாட்டு அந்தக் கூடத்துக்கும் அந்தக் குரல்களுக்கும் ஒத்துவருமா, இரண்டு பழம்பாட்டுகளுக்கு நடுவே எங்கே வைத்தால் கேட்பவர் முகம் சுளிக்காமல் இருப்பார் என்றெல்லாம் யோசிப்பது நடத்துநரின் பாடு. என்னைக் கேட்டால், கையசைப்பதைவிடக் கடினமான வேலை இதுதான்.

அந்தச் சிறுவன் பாடும் தொடக்கப் பாட்டும் ஆதியிலிருந்தே அந்த இடத்தில் இருந்ததல்ல. ஆராதனை தொடங்கியது 1918-இல். அந்தப் பாட்டு முன்னால் வந்தது 1919-இல். இரண்டாம் வருஷத்தில் யாரோ செய்த மாற்றத்தைத்தான் மரபு என்று கண்மூடிக் கேட்கிறோம். நமக்குப் பிடித்த ஒவ்வொரு பாட்டுக்கும் அது யாருக்குமே பழகியிராத ஒரு நாள் இருந்திருக்கிறது. கேட்பவரின் விருப்பம் பிறக்கும் முன்பே அதற்காகத் துணிகிறவர்தான் நடத்துநர்.

துணிந்ததெல்லாம் பலிக்கும் என்றில்லை. அப்படிப் பிறந்த பாட்டுகள் எல்லாமே பார்ட்டின் பாட்டைப் போல ஊர் ஊராகப் போய்விடவில்லை. ஆனாலும் கிளியோபரி 2019-இல் ஓய்வு பெறும்வரை புதுப் பாட்டு கேட்டு வாங்கிக்கொண்டேதான் இருந்தார்.