காலி அறைகள்

இரவு இரண்டு மணி. மேஜைக்கு அடியில் சோதனை சர்வர். நேற்று 10,000 பேர் வந்ததும் பேசியதும் போனதும் அதில் மறுபடி நடக்கின்றன. அவர்கள் இப்போது உறங்கிக்கொண்டிருக்கலாம்.

விசிறியின் ஒலி.

*

ஒரு செய்தி வருகிறது. யாருக்கு என்று பார்க்க, நிரல் இணைந்திருப்பவர்களின் பட்டியலில் தலையிலிருந்து நடக்கத் தொடங்குகிறது.

இவர் இல்லை. இவர் இல்லை. இவரும் இல்லை.

*

சராசரியாக 5,000 பேரைக் கடந்தால் ஒருவர் கிடைக்கிறார். எல்லோரும் ஆளுக்கொரு வரி எழுதினால், 5 கோடி முறை 'இல்லை'.

*

பெயர்களை ஒப்பிடுவதில் நேரம் போகவில்லை. முதல் ஓரிரு எழுத்துகளிலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்த பெயரிடம் போய்ச் சேர்வதில்தான் போகிறது. ஒவ்வொன்றும் நினைவகத்தின் வேறொரு மூலையில் கிடக்கிறது. ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 100 நானோவிநாடி.

அதுவரை செயலி சும்மா நிற்கிறது. திரையில் 100 சதவீத உழைப்பு என்று வருகிறது.

*

பட்டியலுக்கு ஒரே பூட்டு. ஒருவர் உள்ளே. மற்றவர்கள் வாசலில்.

*

அகரவரிசையில் அடுக்கிப் பார்க்கிறேன். நடுவில் பிரித்து, மறுபடி நடுவில் பிரித்து, 14 தாவலுக்குள் ஆள் கிடைக்கிறார். புதிதாக ஒருவர் வந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நகர்ந்து இடம்விட வேண்டியிருக்கிறது. வருவதும் போவதும் ஓயவில்லை.

அழிக்கிறேன்.

*

1953. ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிய உள்குறிப்பு. பெயரைக் கணக்கிட்டு ஓர் எண்ணாக்குவது. அந்த எண்ணையே முகவரியாக வைத்துக்கொள்வது.

தேட ஏதும் இல்லை. நேரே போகலாம்.

*

16,384 அறைகள் கட்டுகிறேன். பெயர் கரைகிறது. எண்ணாகிறது. ஒரு கதவு.

உள்ளே பெரும்பாலும் ஒருவர். சிலவற்றில் இருவர். மூவர் அரிது.

பாதிக்கும் மேற்பட்ட அறைகளில் யாரும் இல்லை.

*

இவ்வளவு இடம் வீணா என்று மனம் கேட்கிறது. அறைகளைக் குறைத்துப் பார்க்கிறேன். அறைக்குள்ளேயே சிறு வரிசைகள் முளைக்கின்றன.

பழைய எண்ணிக்கையையே வைக்கிறேன். காலி அறைகள் திரும்பி வருகின்றன.

*

பூட்டும் இனி அறைக்கு ஒன்று.

வாசலில் கூட்டம் இல்லை.

*

வந்த வரிசை கலைந்துவிட்டது. யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று இந்த அறைகளுக்குத் தெரியாது. அது மட்டும் கொஞ்சம் கனக்கிறது.

*

இன்னொரு நடை மிச்சம். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒவ்வோர் இணைப்பிடமும் கேட்டுக்கொண்டு சுற்றி வரும் நடை. பெரும்பாலோர் மௌனமாக இருக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் நிரல் அவர்களைக் கேட்கிறது.

2002இல் லினக்ஸுக்குள் வந்த ஈபோல் என்ற வசதி சுற்றி வருவதில்லை. காத்திருக்கிறது. பேச்சு எழுந்த இணைப்பு மட்டும் கைக்கு வருகிறது.

*

மூன்றரை மணி. திரையில் உழைப்பின் சதவீதம் இறங்குகிறது. சற்று நிற்கிறது. மறுபடி இறங்குகிறது.

விசிறி மெலிகிறது. சுவர்க்கடிகாரம் இப்போதுதான் கேட்கிறது.

*

ஏற்கெனவே போய்விட்ட ஒருவருக்கு ஒரு செய்தி. பழைய பட்டியலில் கடைசி ஆள் வரை நடந்த பிறகே 'இல்லை' என்று தெரிந்தது.

இப்போது ஒரு கதவு.

உள்ளே யாரும் இல்லை.