இசை: கண்ணியா, விளக்கா?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மாலைப்பொழுதில் நடப்போர் செவியில் திரையிசை விழாதிருத்தல் அரிது. அந்நகரில் 1892இல் தோன்றிய சுந்தரராசப் பெருமாள் கோயில் உண்டு. லூர்து மாதா தேவாலயமும் உண்டு. இரு சமயத்துப் பிள்ளைகளும் ஒரே மெட்டுகளைக் கேட்டே வளர்கின்றனர். மக்கள் விரும்பும் அத்தகைய மெட்டில் கிறித்துவின் புகழை அமைத்துப் பாடி, அயலாரைத் தம் சமயத்திற்கு அழைத்தல் அறமாகுமா?

வினா புதிதன்று. மகளிர் அம்மானை ஆடவும் சுண்ணம் இடிக்கவும் பாடிய பாட்டுவடிவங்களில் மாணிக்கவாசகர் சிவபெருமானைப் பாடினார். சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864), மக்கள் விரும்பிக் கண்ட குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும் எடுத்துக்கொண்டு, பெத்லகேம் குறவஞ்சி, ஞானநொண்டி நாடகம் ஆகியவற்றை இயற்றினார். தூய பொருளை எளிய மெட்டில் ஏற்றுதல் இழிவு என்பாரின் கூற்று இம்மரபின்முன் நில்லாது. மெட்டிற்குச் சமயம் இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. குறவஞ்சியும் அம்மானையும் தனியொருவர் உடைமையல்ல, ஊரார் பொதுச்சொத்து. திரைமெட்டோ ஓர் இசையமைப்பாளரின் உழைப்பு. அவர் இசைவின்றி அதனை எடுத்தாள்வோர் அறத்தைப் போதிக்குமுன்னரே அதனினின்று வழுவுகின்றனர்.

இதனினும் கனமான தடை ஒன்றுண்டு. அறிவு ஆராயுமுன்னரே இசை உள்ளத்தை உருக்கிவிடும். குறவஞ்சி நாடகத்துச் சிங்கன் பறவைகளுக்குக் கண்ணி வைப்பான். இரையைக் காணும் பறவை கண்ணியைக் காண்பதில்லை. கலை நிகழ்ச்சி என்று அழைத்து, கூடியபின் சமயவுரை ஆற்றுவோர் செய்வதும் அதுவே. சாத்திரியாரோ தம் நூலின் தலைப்பிலேயே பெத்லகேமை வைத்தார். கேட்பவன் எதனைக் கேட்கப்போகிறான் என்பதை அறிந்தே அமர்ந்தான்.

வெளிப்படையாக அழைத்தல் மட்டும் போதுமா? போதாது. வேலையிழந்தவனும், தாயை அண்மையில் பறிகொடுத்தவனும் ஒரு பாட்டைக் கேட்டுக் கண்ணீர் சிந்தக்கூடும். அக்கண்ணீர் துயரத்தின் மொழி; நம்பிக்கையின் ஒப்புதல் அன்று. அதனை அவ்விரவே ஒப்புதலாகக் கொண்டு அவனைத் தம் கணக்கில் சேர்ப்பது, மெலிந்தவனிடம் கையொப்பம் வாங்குவதற்கு ஒப்பாகும். கித்தார் ஒலியால் ஈர்க்கப்பட்ட பதினேழு வயது இளைஞனுக்கு, வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கும் அன்னை ஒருத்தி உண்டு. அவன் வீடு திரும்பி, பாட்டின் மயக்கம் தெளிந்தபின், அன்னையோடு பேசவும், ஐயங்களை வினவவும், வேண்டாவெனில் மறுக்கவும் காலம் தருதல் அழைத்தவரின் கடன். மறுத்தபின்னும் நட்பு மாறாதிருத்தல் அதனினும் பெரிய கடன்.

மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் விதி, தம் சமயத்தைக் கடைப்பிடிக்கவும், சட்டம் வகுத்த வரம்பிற்குட்பட்டுப் பரப்பவும் உரிமை அளிக்கின்றது. ஆனால் பாடுபவனின் உட்கருத்தை எச்சட்டமும் அளந்துவிடாது. அதனை அளக்கவேண்டியது அவன் மனச்சான்றே. இவ்வளவுகோல் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. திரைமெட்டில் காவடிப்பாட்டு அமைப்போரும் இளைஞரை ஈர்க்கவே முயல்கின்றனர்.

ஆதலின், பாட்டு எந்த மெட்டில் அமைந்தது என்று ஆராய்வதனினும், அது முடிந்தபின் கேட்டவன் எழுந்து செல்ல இயன்றதா என்று ஆராய்தலே நன்று. இயன்றதெனில் அவ்விசை விளக்கு. வழியைக் காட்டிவிட்டு, நடப்பதை அவனிடமே விட்டுவிடும். இயலவில்லையெனில், பாடப்பட்ட பெயர் எத்துணைப் புனிதமாயினும் அது கண்ணியே.