அடித்த கை எவருடையது?

பள்ளியில் தன்னினும் இளைத்த பிள்ளையை அடித்தும் பழித்தும் மகிழும் மாணவனைக் கண்டால், "பிறவிக்குணம்" என்று கூறி நகர்ந்து விடுகிறோம். முற்பிறப்பின் வினையைக் காரணம் காட்டுவது எளிது. இப்பிறப்பில் அவன் வீட்டில் நிகழ்வதை நோக்குவது கடினம்.

அமெரிக்காவில் கென்னத் டாட்ஜ் என்னும் உளநூலறிஞரும் உடன் ஆய்ந்தோரும் 309 குழந்தைகளைக் கவனித்து, 1990-இல் தம் முடிவை வெளியிட்டனர். வீட்டில் கடுமையாக அடிக்கப்பட்ட குழந்தைகள், பள்ளியில் சேர்ந்ததும் பிறரினும் மிகுதியாகச் சண்டையிட்டனர். அடிபட்ட குழந்தை பிறர் செயலில் பகைமையையே காண்கிறது. ஒருவன் தெரியாமல் இடித்துவிட்டாலும் வேண்டுமென்றே இடித்ததாகக் கொள்கிறது. இளமையில் அடிபட்டோரிடம் வளரிளம் பருவத்திலும் இக்குணம் மிகுந்திருந்ததை 2002-இல் வெளிவந்த தொடராய்வு காட்டியது.

அடிபட்டவர் அனைவரும் அவ்வாறு ஆவதில்லை, பலர் ஆவதேயில்லை. ஆன்மா வினையால் கட்டுண்டதாயினும் வெறும் இயந்திரமன்று என்னும் நம் கொள்கைக்கு இஃது இசைந்ததே. ஆதலின் அம்மாணவன் குற்றமற்றவன் என்று கூற மாட்டேன். குற்றம் அவனோடு முடிகிறதா என்பதே என் ஐயம்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயத்தில், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். "நான் என் மகனிடம் பிறரை அடி என்று சொன்னேனா?" எனத் தந்தை வினவலாம். சொல்லவில்லை. ஆனால் வலியவன் எளியவனை அடிக்கலாம் என்னும் பாடத்தை அவர் கையே கற்பித்தது. சினத்தோடு ஓங்கிய கையை "நல்லதற்கே" என்னும் சொல் காவாது. கஷாயவயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது 7-ஆம் அத்தியாயத்தின் இலக்கணம்.

அதே அத்தியாயம் அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனை உரைக்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றை மாட்டுக்கும் குதிரைக்கும் உரியனவாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அறையில் பூட்டப்பட்ட சிறுவனும் கட்டுண்டவனல்லவா? சூரியன் மறையுமுன் உண்ணும் நம் இல்லங்களில், "இன்று உனக்குச் சோறில்லை" என்றால் பிள்ளை மறுநாள் உதயம் வரை பட்டினி. இரவுணவு விலக்கின் பெருமையை அவன் எவ்வாறு உணர்வான்?

பள்ளியில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்தது. வீட்டுக் கதவுக்குள் விரதம்தான் காவல்.

தசலட்சண பருவம் நிறைந்தபின் உறவினரிடமும் அயலாரிடமும் கைகூப்பிப் பிழை பொறுக்க வேண்டுகிறோம். பன்னிரண்டு வயது மகனிடம் அவ்வாறு வேண்டிய தந்தையரை நான் கண்டதில்லை. நானும் என் மகனிடம் வேண்டியதில்லை.