யாருடைய சொல் சான்று?

புற்றுநோயிலிருந்து மீண்ட பலர், சிந்தனை முன்போல் ஓடவில்லை என்று முறையிடுகின்றனர். சொல் நாவிலேயே நின்றுவிடுகிறது. வாசித்த பக்கம் மனத்தில் தங்குவதில்லை. இம்முறைப்பாட்டை அளப்பதற்கென்றே 'ஃபாக்ட்-கொக்' என்னும் வினாக்கொத்து உண்டு. அதன் 37 கூற்றுகளும் கடந்த ஏழு நாட்களைப் பற்றியன. எத்தனை முறை தடுமாறினோம் என்பதை நோயுற்றவரே குறிக்கவேண்டும்.

உளவியலாளரின் சோதனைகளோ வேறு வகையின: சொற்பட்டியலை நினைவுகூர்தல், எண்களை வரிசைப்படி கோட்டால் இணைத்தல் போன்றவை. இவ்விரு அளவைகளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. முறைப்பாடு களைப்போடும் மனச்சோர்வோடுமே கூடுதலாக ஒட்டி நிற்கிறது.

ஆகவே அது வெறும் மனப்பிரமை என்று தீர்ப்பளிப்போர் உளர். அவசரத் தீர்ப்பு! சோதனை நடப்பது அமைதியான அறையில், ஒரு வேளையில் ஒரு வேலையாக. அடுப்படியும் வகுப்பறையும் அத்தகையனவா? மேலும், சோதனை ஒருவரைப் பிறரது சராசரியோடு ஒப்பிடுகிறது. அவரோ நோய்க்கு முந்திய தம்மோடு ஒப்பிடுகிறார். முதல் வாரத்திலேயே நாற்பது மாணவரின் பெயர்களையும் மனங்கொண்ட ஆசிரியையொருவர் சராசரிக்கு இறங்கிவிட்டால், சோதனைத்தாளில் அவருக்குக் குறையேதும் இராது. சிகிச்சைக்கு முன்னர் அவரை அளந்து வைத்தவர் பெரும்பாலும் எவருமிலர்.

வாக்குமூலமும் பிழைபடலாம். களைத்தவர் ஒவ்வொரு மறதியையும் எண்ணிக்கொண்டிருப்பார், தம் மறதியையே மறந்துவிடுவோரும் உண்டு (இவர்களை எந்த வினாக்கொத்துத்தான் பிடிக்கும்?). ஆனால் வேலைக்குத் திரும்பும் அந்த ஆசிரியையிடம் மேலதிகாரி சோதனைப் புள்ளியை மட்டுமே கேட்பாரெனில், நிரூபிக்கும் சுமை முழுவதும் நோயிலிருந்து எழுந்தவர் தலையிலேயே விழுகிறது. தடுமாற்றம் களைப்பினால் வந்ததாகவே இருக்கட்டும். அவருடைய பாடவேளைகளைக் குறைக்கவேண்டிய தேவை அதனால் நீங்கிவிடுவதில்லை.