தணிகைச் சாலையில் ஈரியா சமிதி



துறவறத்தார் மேற்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. ஞாயிறு எழுந்து வழி நன்கு புலப்பட்ட பின்னரே நடத்தல், பலரும் நடந்து பழகிய வழியிலே நடத்தல், முன்னுள்ள நான்கு முழ நிலத்தை நோக்கியவாறே அடியெடுத்து வைத்தல், நடக்கும்போது மனத்தை வேறெதிலும் செலுத்தாதிருத்தல் ஆகியன அதன் இலக்கணமாகும். காலடியில் ஓர் எறும்பும் மாளக்கூடாது என்னும் கருணையே இதற்குக் காரணம்.

இஃது முனிவர்க்கு உரியது. காரில் செல்லும் இல்லறத்தாராகிய நமக்கு இதனோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். இன்றோ காரே முன்னால் செல்லும் வண்டியைக் கண்டு வேகத்தைக் குறைக்கின்றது. தடம் விலகினால் எச்சரிக்கின்றது. இடர் நேருமாயின் தானே பிரேக் போடுகின்றது. எனவே, வழி நோக்கும் கடமையைக் காரிடமே ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணமும் நம்மவரிடையே தலைகாட்டி வருகின்றது. அவ்வெண்ணம் அறத்திற்கு ஒக்குமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு முழமும் எழுபது மீட்டரும்

நான்கு முழம் என்ற அளவு ஏன் கூறப்பட்டது? நான்கு முழம் என்பது ஏறத்தாழ ஆறடி. நிதானமாக நடப்பவர் அதனைக் கடக்க ஒன்றரை விநாடிக்குச் சற்று மேலாகும். ஓர் உயிரைக் கண்ணுற்று, உள்ளம் அதனை உணர்ந்து, கால் நிற்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். ஆகவே, நிற்க இயலும் தொலைவு வரையிலேனும் நோக்கி நட என்பதே இவ்விதியின் உட்பொருள் என நாம் கொள்ளலாம்.

இதே கணக்கைக் காருக்குப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கின்றது. இடரைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை விநாடி, அதாவது 33 மீட்டர் கடந்துவிடும். நல்ல உலர்ந்த சாலையிலும் பிரேக் போட்டபின் நிற்க ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். ஆக, முனிவரின் நான்கு முழம் நமக்கு எழுபது மீட்டர் ஆகின்றது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 45 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர். மழை பெய்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ இவ்வளவுகள் இன்னும் நீளும். இரவில் தாழ்த்திய விளக்கொளி பொதுவாக 40 முதல் 50 மீட்டர் வரைதான் வழியைத் தெளிவாகக் காட்டும். அவ்வொளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தம் கண்ணுக்கு எட்டாத நிலத்தில் கார் ஓட்டுகின்றார். அவர் ஈரியா சமிதியைக் கைவிட்டவர் ஆவார்.

தணிகை வழி

இக்கணக்கின் அருமையைத் திருத்தணிச் சாலையில் நன்கு உணரலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த எல்லையூர். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே நகரி, புத்தூர் என்று தொடர்கின்றது. கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டும் சமணத் திருவுருவங்களும் விளங்கும் வள்ளிமலையைத் தரிசிக்கச் சென்னையிலிருந்து புறப்படும் நம்மவருள் சிலரும் இவ்வூரை அடைந்து, சோளிங்கர் வழியாகச் செல்வதுண்டு.

இச்சாலையில் யார் யார் செல்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். ஆடிக் கிருத்திகையில் காவடி ஏந்தியோர் கூட்டங்கூட்டமாக மலையை நோக்கி நடக்கின்றனர். டிசம்பர் 31 இரவில் திருப்படித் திருவிழாவிற்கு மக்கள் திரள்கின்றனர். புரட்டாசியில் திருமலைக்குப் பாதயாத்திரை செல்வோர் இரவிலும் சாலையோரமாக நடக்கின்றனர். அரைவைப் பருவத்தில் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மெல்ல ஊர்ந்து செல்கின்றன. அவற்றுள் பின்விளக்கு இல்லாதனவும் உண்டு. ஆடு மாடுகள் குறுக்கிடுகின்றன. எதிர்த்திசையில் இருசக்கர வண்டி வருகின்றது. தணிகை மலைமீது ஏறும் சாலையிலோ வளைவுகளும், அவ்வளைவுகளில் நடந்து செல்வோரும் உள்ளனர்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் தமிழகத்தில் மாண்டோர் 17,884 பேர். நாடு முழுவதும் நடந்து சென்று மாண்டோர் மட்டும் 32,825 பேர். நம் முனிவர்களும் ஆர்யிகைகளும் விகாரம் செய்வது இத்தகைய நெடுஞ்சாலைகளின் ஓரமாகத்தான். வாகனம் மோதி அவர்கள் உயிர் நீத்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துள்ளன. எறும்பிற்கும் இரங்கி நிலம் நோக்கி நடந்தவர், நிலம் நோக்காது வந்தவரால் மாள்வதினும் கொடியது வேறென்ன?

உதவிக் கருவியின் இயல்பு

இக்காலக் கார்களில் அமைந்துள்ள ஓட்டுநர் உதவிக் கருவிகளை நாம் பழிக்கவில்லை. அவை உயிர் காக்க எழுந்தவை. ரேடார் அலைகளை முன்னே செலுத்தி, மீண்டு வரும் அலையால் முன்வண்டியின் தொலைவை அறிகின்றது. கண்ணாடியின் மேற்புறம் உள்ள கேமரா சாலைக் கோடுகளையும் ஆட்களையும் அடையாளம் காண்கின்றது. இவ்விரண்டையும் கொண்டு கணிப்பொறி வேகத்தை மாற்றுகின்றது, ஸ்டீரிங்கைத் திருத்துகின்றது. தானியங்கும் திறனை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வல்லுநர் வகுத்துள்ளனர். நம் நாட்டில் இவ்வுதவிகளோடு விற்கப்படும் கார்கள் பெரும்பாலும் இரண்டாம் நிலைக்கு மேற்படாதவை. அந்நிலையில் ஓட்டுபவர் இடைவிடாது சாலையை நோக்கியிருத்தல் வேண்டும் என்பதே விதி.

அவற்றின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். சாலைக் கோடு அழிந்திருந்தால் தடம் காக்கும் உதவி செயல்படாது. கேமரா மீது சேறோ தூசியோ படிந்தாலும், பெருமழையிலும், மூடுபனியிலும், எதிர் வெயிலிலும் அதன் பார்வை குன்றும். வளைவில் ரேடாரின் நேர்ப்பார்வையிலிருந்து முன்வண்டி விலகிவிட, வழி வெறுமை என்று எண்ணிக் கார் விரையக் கூடும். நின்றுவிட்ட வண்டியையும், குறுக்கே வரும் மாட்டையும், இருளில் கருநிற ஆடையில் நடப்பவரையும் அது அறியத் தவறலாம். யாத்திரிகருக்கு வழிவிட நாம் இண்டிகேட்டர் போடாமல் விலகினால், தடம் காக்கும் உதவி ஸ்டீரிங்கை மீண்டும் கோட்டிற்குள் இழுக்க முனையும்.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், தானே ஓடுமாறு சோதிக்கப்பட்டு வந்த ஒரு கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதியது, அவர் உயிரிழந்தார். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை ஆராய்ந்தது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்னரே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆயினும் வாகனம் என்றும், மிதிவண்டி என்றும், இன்னதென அறியாப் பொருள் என்றும் மாறி மாறிக் கருதியதேயன்றி, நடந்து செல்லும் மனிதர் என அது உணரவில்லை. கண்காணிக்க அமர்ந்திருந்தவரோ கைப்பேசியை நோக்கியிருந்தார். கருவி கண்டது, உணரவில்லை. உணரக்கூடியவர் காணவில்லை.

இதன் காரணத்தை நம் ஆகமம் தெளிவாக விளக்குகின்றது. உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிவும் காட்சியும். கார் அஜீவப் பொருள். அதற்கு அலைகள் உண்டு, உபயோகம் இல்லை. எனவே பிரமாதமும் அதற்கு இல்லை, பிரமாதமின்மையும் இல்லை. கருணை என்பது அதன்பால் தோன்ற வழியில்லை. முனிவர் கையிலுள்ள மயிற்பீலியை நினைவு கொள்ளுங்கள். சிற்றுயிர்களை நோவாது விலக்குவதற்கு அதனினும் மென்மையான கருவி இல்லை. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர் கையில் பீலி இருந்தென்ன பயன்? நோக்குபவர் கையில் இருக்கும்போதுதான் பீலி உயிரைக் காக்கின்றது. ஓட்டுநர் உதவிக் கருவியும் அத்தகையதே.

வினை யாரைச் சாரும்?

கார் தானே ஓடியது, நான் ஓட்டவில்லை என்று கூறுவதால் வினை நீங்குமா? நீங்காது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் சித்தாந்தம். எண்ணுதல், கருவி சேர்த்தல், தொடங்குதல் ஆகிய மூன்றையும் மனம், வாக்கு, காயம் மூன்றோடும், இம்மூவகைச் செயலோடும், நான்கு கஷாயங்களோடும் பெருக்கினால் 108 வருகின்றது. இவ்வாறு உயிர்பால் வினை வந்தடையும் நிலைக்களன்கள் 108 எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கின்றது. கருவியிடம் ஒப்படைத்தல் என்பது செய்வித்தல் ஆகும். ஒப்படைத்தவரே அதற்கு உரியவர்.

மேலும், இம்சையின் வேர் பிரமாதம் என்றே உமாஸ்வாமி ஆசாரியர் உணர்த்தினார். பொன்னூர் மலையோடு தொடர்புடைய குந்தகுந்த ஆசாரியரும் பிரவசனசாரத்தில் இதனையே வலியுறுத்துகின்றார். கைப்பேசியை நோக்கியவாறு பத்து கிலோமீட்டர் சென்றவர் ஒருவர்மீதும் மோதாமல் வீடு சேர்ந்திருக்கலாம். ஆயினும் அவர் அகத்தே இம்சை நிகழ்ந்துவிட்டது. முழு விழிப்போடு, அளவான வேகத்தில் சென்றவர் முன்னே திடீரென ஓருயிர் பாய்ந்து மாண்டால், அவர் வருந்துவார். ஆனால் பிரமாதத்தால் வரும் வினை அவரைப் பற்றாது.

பிரமாதம் பதினைந்து வகைப்படும். அவையனைத்தும் காருக்குள் வந்து அமர்வதைக் காணுங்கள். விகதை எனப்படும் வீண்கதை நான்கு; கைப்பேசியில் அரசியலும் உணவும் பேசுவது இதன்பாற்படும். கஷாயம் நான்கு: முந்திச் சென்றவன்மீது சினம், பெரிய கார் என்னும் செருக்கு, இடப்புறம் புகுந்து முந்தும் வஞ்சம், பத்து நிமிடம் மிச்சமாகும் என்னும் பேராசை. புலன்கள் ஐந்தும் பாடலிலும் திரையிலும் நாட்டம் கொள்கின்றன. எஞ்சியவை உறக்கமும் பற்றும். சூரனை வென்றபின் முருகப்பெருமானின் சினம் தணிந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது அவ்வூர்ப் புராண மரபு. அவ்வழியே செல்லும் நாமும் சினம் தணிந்து செல்வதே அவ்வூர்க்கும் நம் அறத்திற்கும் ஏற்றதாகும்.

கைக்கொள்ளத் தக்கவை

முதலாவதாக, புறப்படுமுன் காரைச் சுற்றிவந்து நோக்குக. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் கொள்ளுதல் ஆதான நிக்ஷேபண சமிதி. காரின் அடியில் நாய்க்குட்டியும், சூடு தேடி எஞ்சின் அருகே பூனையும் உறங்குவதுண்டு; பின்புறம் குழந்தை விளையாடலாம். கேமராவையும் முன்கண்ணாடியையும் துடைத்துக்கொள்க. நிறுத்தியபின் பின்னால் வருவோரைப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

இரண்டாவதாக, காரோடு வந்த கையேட்டைப் படித்து, எந்த உதவி எப்போது செயல்படாது என்பதை அறிக. வேகத்தைத் தானே காக்கும் உதவியைத் தடுப்புடன் கூடிய அகன்ற சாலையில் மட்டும் கொள்க. ஊருக்குள்ளும், மலைவழியிலும், மழையிலும், யாத்திரிகர் நடக்கும் காலத்திலும் அதனை நிறுத்திவிடுக. மலையிறங்குகையில் தாழ்ந்த கியரில் இறங்குதல் வேண்டும். தானே பிரேக் போடும் உதவியை மட்டும் ஒருபோதும் நிறுத்த வேண்டா.

மூன்றாவதாக, மாலை உணவைக் குறித்து ஒரு சொல். ஞாயிறு மறையுமுன் உண்ண வேண்டும் என்பதற்காக விரைந்து ஓட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இரவுண்ணாமை அகிம்சையைக் காக்க வந்த விரதம். அதனைக் காப்பதற்காக அகிம்சையையே பணயம் வைப்பது, வேலியைக் காக்கப் பயிரை அழிப்பது போலாகும். முன்னதாகப் புறப்படுக, அல்லது வழியில் நிறுத்தி உண்க. இரண்டும் இயலாவிடின் அன்றிரவு உண்ணாதிருப்பதே விரதத்திற்கு அழகு.

நான்காவதாக, பதினெட்டு வயது நிரம்பாத மைந்தனிடம் சாவியைக் கொடுத்தல். கொலைக்கருவி ஈதல் அனர்த்த தண்டத்துள் ஒன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், சிறுவர் ஓட்டிக் குற்றம் நேரின் பெற்றோருக்கும் உடைமையாளருக்கும் மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கின்றது. வீணே திரிதலும் திரியச் செய்தலும் பிரமாதசரிதையே எனச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறியிருப்பதையும் இங்கே நினைவு கூர்வோமாக.

ஐந்தாவதாக, விபத்து நேர்ந்தால் விட்டு ஓடாதீர். நம்மால் நேர்ந்ததாயினும், பிறரால் நேர்ந்ததாயினும் உடனே நிறுத்தி 108 எண்ணை அழைப்பீராக. அடிபட்டவருக்கு உதவும் நல்லோரை அச்சட்டமே காக்கின்றது. வினை வரும் நிலைக்களன்களின் எண்ணே உயிர் காக்கும் ஊர்தியின் எண்ணாகவும் அமைந்திருப்பது தற்செயலே. ஆயினும் நினைவில் நிறுத்தத் தக்கது.

அறவோர்களே! முனிவர் நடந்து காக்கும் உயிரை நாம் ஓட்டிக் காக்க வேண்டும். அவருக்கு நான்கு முழம். நமக்கு எழுபது மீட்டர். அந்நிலத்தில் நடப்பவர் காவடி ஏந்தியவராயினும், மயிற்பீலி ஏந்தியவராயினும், வழி தவறிய கன்றாயினும், அவர் உயிர் நம் விழிப்பை நம்பியே நடக்கின்றது. அவ்விழிப்பை எந்தக் கருவியிடமும் ஒப்படையாதிருப்போமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!